கை மட்டும்

நூலகத்தின் மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் எழுத்து வகுப்புக்கு அவள் போனது எழுத்தாளராவதற்காக இல்லை. அந்த ஆசை உள்ளவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள், அவர்கள் பாட்டுக்கு இருக்கட்டும். இவள் போனது விரலுக்காக. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய், மிச்சமிருந்த மூன்றும் விறைத்துப் போயிருந்தன. ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், "தினமும் ஒரு பக்கம் எழுதுங்கக்கா, விரல் இளகும்" என்று சொல்லியிருந்தாள்.

"என்னத்த எழுதறது? ஒரே வரிய நூறு தடவ எழுத நான் என்ன ஒண்ணாம் வகுப்பா?" என்று இவள் எரிந்து விழுந்தாள்.

அந்தப் பெண் அசரவில்லை. "நூலகத்துல ஒரு வகுப்பு நடக்குதுக்கா. காசு கிடையாது. என்ன எழுதணும்னு அவங்களே சொல்வாங்க. போய்ப் பாருங்களேன்."

எரிந்து விழுவது இவளுக்குப் புதிதல்ல. டப்பாவுக்குத் தகர மூடி அடிக்கிற தொழிற்சாலையில் பதினோரு வருஷம் பிரஸ் மெஷினில் உட்கார்ந்தவள். அங்கே இவளுக்குப் பட்டாசு என்று பெயர். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். இவள் மேனேஜர் அறைக் கதவைத் தட்டிவிடுவாள். இவளுடைய வீட்டுக்காரர் சுவருக்கு வர்ணம் அடிக்கிறவர், வாயில்லாப் பூச்சி. "வீட்டுக்கு ஒரு வாய் போதும், அத அவளே வெச்சிக்கட்டும்" என்பார்.

அப்பேர்ப்பட்ட வாய்தான் தேவையான நாளில் இவளைக் கைவிட்டது. அந்த வயிற்றெரிச்சலைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அந்த மெஷின் பழசு. இடப்பக்கம் ஒரு பட்டன், வலப்பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டன் மேல் இருக்கும்போது எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்க முடியாது, அதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் ஒரு ஷிஃப்டுக்கு நாலாயிரம் மூடி வேண்டும் என்று சூப்பர்வைசர் நெருக்குவார். அந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு நாலாயிரம் அடிக்க எந்த மனுஷியாலும் முடியாது. அதனால் அவரே தகரத்தில் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, பின்தங்குகிறவர்கள் கையில் கொடுப்பார். அதை ஒரு பட்டனின் இடுக்கில் செருகிவிட்டால் அது அழுந்தியபடியே நிற்கும். அப்புறம் ஒரு கையால் அழுத்தலாம், இன்னொரு கையால் மூடியை எடுக்கலாம், வேலை பறக்கும். ஷிஃப்ட் முடிந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும். இவளிடம் ஒரு தடவை நீட்டினார். இவள் அதை வாங்கி அவர் காலடியிலேயே எறிந்தாள். அன்றிலிருந்து அவருக்கு இவள் சட்டம் பேசுகிறவள்.

வகுப்புக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்னால், ஷிஃப்ட் மாறி இவள் போய் உட்கார்ந்த முதல் நிமிஷத்தில் அச்சு இறங்கியது. வலது பக்கப் பட்டனில் தகரத் துண்டு இருந்தது. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிவதற்குள் தொழிற்சாலையில் அறிக்கை தயாராகிவிட்டது. "தொழிலாளி தாமே வலது பட்டனில் தகரத் துண்டைச் செருகி வேலை செய்துள்ளார். விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்." கீழே சூப்பர்வைசரின் கையெழுத்து.

கவனக்குறைவு. பதினோரு வருஷம் அந்த மெஷினைப் பெற்ற பிள்ளையைப் போலத் துடைத்து வைத்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை. விரல் போனதை அவள் ஒரு மாதிரி விழுங்கிக்கொண்டாள். இந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றது. அந்தத் தாள் இருக்கிறவரை வேறு எந்தப் பட்டறையும் அவளை வாசலில்கூட நிற்க விடாது என்பது ஒரு பக்கம். செய்யாத தப்பைச் செய்தாள் என்று எழுதி வைத்திருக்கிறார்களே என்பது இன்னொரு பக்கம். அதுதான் அவளைத் தூங்க விடவில்லை.

தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டாள். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட அதிகாரியம்மா பொறுமையாகத்தான் கேட்டார், "அன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க." எதிரே சூப்பர்வைசர் தலையை வாரிச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் இவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நாலாயிரம் மூடி, திருட்டுப்பயல், உன் பிள்ளை கை இப்படிப் போயிருந்தால் என்று எங்கெங்கோ போனாள். கடைசியில் மேஜையைத் தட்டினாள். சூப்பர்வைசரோ வானிலைச் செய்தி வாசிக்கிற குரலில் நாலே வாக்கியம் சொன்னார். அதிகாரியம்மா எழுதிக்கொண்டார்: "மனுதாரர் பதற்றத்தில் இருந்ததால் நடந்ததைத் தெளிவாகக் கூற இயலவில்லை." அடுத்த விசாரணை இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. அதுவே கடைசி.

இந்த நிலையில்தான் வகுப்பு.

வகுப்பு நடத்துகிறவர் முப்பத்தைந்து வயசு மதிக்கத்தக்கவர். ஏதோ பத்திரிகையில் பிழை திருத்துகிற வேலை. இவள் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டாள், அவரும் மறுக்கவில்லை. "பத்து நிமிஷம். பேனா நிக்கக் கூடாது. நல்லா வருதான்னு யோசிக்கக் கூடாது. உங்க வீட்டு ஜன்னலப் பத்தி எழுதுங்க" என்றார் முதல் நாள். இவள் பெருவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பேனாவை இடுக்கிக்கொண்டு மூன்று வரி ஜன்னலை எழுதினாள். நாலாவது வரியில் அந்த ஜன்னல் வழியாக சூப்பர்வைசர் வந்துவிட்டார். அப்புறம் பக்கம் முழுக்க வசவு.

ஒவ்வொருவராகப் படித்தார்கள். ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் தன் ஜன்னலில் நிலா வந்து உட்கார்ந்ததாக எழுதியிருந்தார். எல்லோரும் "அருமை, அருமை" என்றார்கள். இவள் படித்தபோது வங்கிக்காரர் இரண்டு தடவை இருமினார். ஒரு கல்லூரிப் பெண் தரையைப் பார்த்தாள்.

மாஸ்டர் மட்டும் சொன்னார், "கோபம் நல்லாத் தெரியுதுக்கா. ஆனா என்ன நடந்துச்சுன்னு தெரியலையே."

அதிகாரியம்மா சொன்னது அப்படியே. இவளுக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. படிக்கட்டில் இறங்கும்போதே அவரை நாலு வார்த்தை திட்டிக்கொண்டுதான் இறங்கினாள். ஆனால் அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தது அவள்தான்.

மற்றவர்கள் பயிற்சியை ஒரு தடவை எழுதி, பாராட்டை வாங்கிக்கொண்டு நோட்டை மூடிவிடுவார்கள். இவளுக்கு அது புரியவே இல்லை. அச்சை மெஷினில் மாட்டியவுடன் வருகிற முதல் மூடியை யாராவது டப்பாவில் போடுவார்களா? ஓரம் பிசிறாகத்தான் வரும், எடுத்துத் தூர எறிந்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். எந்தப் பயிற்சி கொடுத்தாலும் இவள் வீட்டுக்குப் போய் அதையே நாலு தடவை, ஐந்து தடவை எழுதினாள். எதைப் பற்றி எழுதச் சொன்னாலும் எழுதியது அந்த ஒரு நிமிஷத்தைத்தான். பிடித்த நிறம் என்றால் மெஷினின் பச்சை. மழை என்றால் அன்றைக்குப் பெய்யாத மழை. முதல் தடவை எழுதினால் வசவு மட்டும் வரும். இரண்டாம் தடவை வசவுக்கு நடுவில் ஒரு ஸ்டூல் தெரியும். மூன்றாம் தடவை வசவு தீர்ந்து போகும், எழுத ஒன்றும் இல்லாமல் கை நிற்கும். அப்போதுதான் எண்ணெய்த் துணி எங்கே கிடந்தது, மணி எப்போது அடித்தது என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வரும்.

"பரீட்சை எதுனா இருக்கா?" என்று வீட்டுக்காரர் வர்ணத் தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஆமா, திங்கட்கிழம பரீட்ச. நீங்க வந்து எழுதுறீங்களா?"

"நான் சுவத்துலதான் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டு அவர் நழுவிவிட்டார்.

ஒரு வாரம் மாஸ்டர், "பிடிக்காத ஒருத்தரோட வாயால எழுதுங்க" என்றார். இவள் சூப்பர்வைசராக மாறி ஒரு பக்கம் எழுதினாள். நாலாயிரம் மூடி, நாலாயிரம் மூடி என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை அதில் இல்லை. வகுப்பே சிரித்தது. இவளும் சிரித்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. இன்னொரு வாரம், எழுதியதில் பாதியை வெட்டச் சொன்னார். மற்றவர்கள் பெற்ற பிள்ளையை வெட்டச் சொன்னது போலக் கலங்கினார்கள். இவள் வெட்டிக்கொண்டே போனதில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அயோக்கியன் என்ற சொல்லை எடுத்த பிறகும் அவன் அயோக்கியனாகத்தான் இருந்தான். அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

விசாரணைக்குப் பதினாறு நாள் இருக்கும்போது அந்தப் பயிற்சி வந்தது.

"இன்னிக்குக் கை மட்டும்" என்றார் மாஸ்டர். "ஒரு வேலைய எடுத்துக்குங்க. கை என்ன செஞ்சுதோ அது மட்டும். மனசுல என்ன ஓடுச்சு, யார் என்ன நெனச்சாங்க, எதுவும் வேண்டாம். கை செய்யாததையும் எழுதக் கூடாது. செஞ்சத வரிசையா எழுதுங்க, ஒண்ணையும் விடாம."

இவள் அன்று வகுப்பில் ஒரு தடவை எழுதினாள். வீட்டில் ஆறு தடவை எழுதினாள். அடுத்த சனிக்கிழமை படித்தாள்.

"வலது கை பையை ஆணியில் மாட்டியது. இடது கை ஸ்டூலை இழுத்தது. இடது கை தகட்டை எடுத்தது. வலது கை அதன் ஓரத்தைத் தாங்கியது. இடது கை தகட்டை உள்ளே தள்ளியது. அச்சின் வலது ஓரத்தில் பழைய துணுக்கு ஒன்று கிடந்தது. வலது கை அதைத் தள்ளப் போனது. இடது கை பட்டனுக்குப் போனது. இடது கை பட்டனை அழுத்தியது. வலது கை துணுக்கைத் தள்ளிக்கொண்டிருந்தது."

அவ்வளவுதான். அன்று ஒருவரும் அருமை என்று சொல்லவில்லை. வங்கிக்காரர் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர், "இத நம்ம சுவர்ப் பத்திரிகைல போடலாமா?" என்று கேட்டார். நூலகக் கீழ்த்தளச் சுவரில் மாதாமாதம் அட்டையில் எழுதி ஒட்டுகிற பத்திரிகை அது. இவளும் சரி என்றாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை காலை, நூலகத்துக்குள் நுழைந்தவள் அட்டையைப் பார்த்தாள். அழகான கையெழுத்து. ஓரத்தில் பூங்கொடி. நடுவே இவள் எழுதியது. இவள் எழுதியதா அது?

"அந்தக் கைகள் பையை மாட்டின. தகட்டை ஏந்தின. ஒரு கை பட்டனை அழுத்த, மறு கை விதியின் இரும்புப் பற்களுக்கு இரையானது. அங்கே ஒரு கண்ணீர்த் துளி எண்ணெயில் கலந்தது."

இரண்டு இரண்டு படியாக ஏறி மாடிக்குப் போனாள். மாஸ்டர் நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"கீழ ஒட்டியிருக்கறது யார் எழுதினது?"

"நீங்க எழுதினதுதாங்க்கா. கொஞ்சம் செதுக்கினேன்."

"கண்ணீர் யாரோடது?"

"இல்லக்கா, படிக்கிறவங்க மனசுல நிக்கணும்ல. இடது, வலது, இடது, வலதுன்னு வரிக்கு வரி வந்துச்சு. அலுப்புத் தட்டும். அதனால கைன்னு மட்டும்…"

"அலுப்புத் தட்டுமா?" இவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். "கை மட்டும் எழுதுன்னு நீங்கதான் சொன்னீங்க. மாடு மாதிரி ஏழு தடவ எழுதினேன். அதுல போய்ப் பூ வெச்சு, பொட்டு வெச்சு, என் கண்ணுல தண்ணிய ஊத்தி, கடசில யார் கைன்னே தெரியாமப் பண்ணிட்டீங்களே. கம்பெனில அவங்க பண்ணினதும் இதத்தானே மாஸ்டர்? அவங்க கவனக்குறைவுன்னு ஒரு வார்த்தையப் போட்டு என்னைய மூடினாங்க. நீங்க பத்து வார்த்தையப் போட்டு மூடுறீங்க."

"அக்கா, நான் நல்லதுக்குத்தான்…"

"உங்க நல்லத நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு எந்தக் கைங்கறது முக்கியம். நான் பொறந்ததிலேருந்து இடது கைக்காரி. எழுதறது மட்டும் வலதுல, அதுவும் பள்ளிக்கூடத்துல அடிச்சுப் பழக்கினது. மத்தபடி எல்லாத்துக்கும் இடதுதான் முந்தும். பட்டனுக்கும் அதுதான் மொதல்ல போகும், வலது பின்னாடி வந்து சேரும். பதினோரு வருஷம் அப்படித்தான். மூடிய எடுக்கறதும் இடது கைதான். நான் தகரம் செருகறவளா இருந்தா இடது பட்டன்லதான செருகுவேன், எடுக்கிற கை சும்மா இருந்தாத்தான…"

நின்றுவிட்டாள்.

மாஸ்டர் அடிவிழும் என்று எதிர்பார்த்தவர் போல நின்றுகொண்டிருந்தார். இவள் அவரைப் பார்க்கவே இல்லை. தகரம் இருந்தது வலது பட்டனில். அறிக்கையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. பத்துத் தடவை வாசிக்கக் கேட்டும் இவளுக்கு உறைக்கவில்லை, கோபம் அதைக் கேட்க விடவில்லை. வலது பட்டனில் செருகினால் வலது கைதான் சும்மா இருக்கும். அப்படிச் செருகியவள் வலது கைக்காரி. இவள் உட்காருவதற்கு முந்தின ஷிஃப்டில் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள்.

இவளுடைய நாத்தனார்.

வீட்டுக்காரரின் ஒரே தங்கை. மேனேஜர் அறைக் கதவைத் தட்டி இவள்தான் அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். விபத்து நடந்த மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதவள். "நான் போறப்ப பட்டன்ல ஒண்ணும் இல்லண்ணி, எடுத்துட்டேண்ணி" என்று சத்தியம் செய்தவள். அதையே தொழிற்சாலையில் டைப் அடித்த தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். சொந்தக்காரி சொன்னதை இவள் சந்தேகப்படவே இல்லை. சூப்பர்வைசரே வேண்டுமென்று செருகியிருப்பான் என்று நாலு மாதம் அவனை மட்டும் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த அட்டையக் கிழிச்சுடறேன்" என்றார் மாஸ்டர். "நீங்க எழுதின மாதிரியே, ஒரு எழுத்து மாத்தாம எழுதி ஒட்டறேன்."

"செய்ங்க" என்று சொல்லிவிட்டு இவள் வகுப்புக்கு உட்காராமல் இறங்கிப் போனாள்.

அன்று முழுக்க வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்காரர் அதைப் பார்த்துத்தான் பயந்தார். திட்டினால் பழகிய விஷயம். ஞாயிறு மத்தியானம் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் இருந்த நாத்தனார் வீட்டுக்கு நடந்தாள்.

நாத்தனார் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணி" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள், இவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றாள்.

"தகரத்த எடுத்துட்டுத்தான் போனியா?"

"எத்தன தடவண்ணி சொல்றது? எடுத்தேன்."

"சரி. உக்காரு. எழுது."

"எத எழுதறது?"

"மணி அடிச்சதுலேருந்து நீ வாசல் கேட்டத் தாண்டுற வரைக்கும். ஒன் கை என்ன செஞ்சுதோ அது மட்டும். நெனச்சதெல்லாம் வேண்டாம். செய்யாததும் வேண்டாம். வரிசையா. எந்தக் கைன்னு போடணும்."

"இது என்னண்ணி பைத்தியக்காரத்தனமா…"

"எடுத்தவளுக்கு எழுதறதுல என்னடி கஷ்டம்?"

நாத்தனார் வெடுக்கென்று பேனாவை வாங்கினாள். அவளுக்கும் ரோஷம் உண்டு. சமையல் மேடையிலேயே நோட்டை விரித்து நின்றபடி எழுத ஆரம்பித்தாள். முதல் நாலைந்து வரி மளமளவென்று வந்தது. வலது கை கடைசித் தகட்டை உள்ளே வைத்தது. இடது கை பட்டனை அழுத்தியது. வலது கை மூடியை எடுத்தது. வலது கை எண்ணெய்த் துணியை எடுத்தது, மெஷின் முகப்பைத் துடைத்தது. இவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது கை துணியைக் கீழே வைத்தது. போன் அடித்தது. வலது கை போனை எடுத்தது.

"யாரு போன்ல?" என்றாள் இவள்.

"பள்ளிக்கூடத்துலேருந்து. பாப்பாவுக்குக் காய்ச்சல்னு." நாத்தனாரின் குரல் இறங்கியிருந்தது. மறுபடி எழுதினாள். வலது கை போனைக் காதில் வைத்திருந்தது. இடது கை பையை எடுத்தது. இடது கை…

பேனா நின்றது. நாத்தனார் எழுதியதை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் எழுதிய வரிகளுக்கு நடுவே ஏதோ இடம் தேடுகிறவள் போல விரலை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டு போனாள். வலது கையில் போன் இருந்தது. இடது கையில் பை இருந்தது. மூன்றாவது கை அவளுக்கு இல்லை.

"அண்ணி" என்றாள். "நான் எடுக்கல."

இவள் கண் அந்தக் கடைசி வரியிலேயே இருந்தது.

"சத்தியமா எடுத்தேன்னுதாண்ணி நெனச்சேன். தெனமும் எடுப்பேன்ல, அன்னிக்கும் எடுத்தேன்னுதான்… சூப்பர்வைசர் தாளக் கொண்டாந்து, நீ எடுத்துட்டதான, போடு கையெழுத்துன்னாரு. ஆமான்னு போட்டேன்." மேடையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அழுகை வேண்டாம். அது இந்தப் பயிற்சில இல்ல" என்றாள் இவள். தன் குரலைக் கேட்டு அவளுக்கே உடம்பு கூசியது. ஆனாலும் நிறுத்தவில்லை. "நாலு மாசம்டி. நாலு மாசமா என் வீட்டுக்கு வந்து, என் கட்டுக்கு மருந்து போட்டுவிட்டு, நான் அவன வையறப்பல்லாம் கூட உக்காந்து நீயும் வைஞ்ச. ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, கண்ண மூடி அன்னிக்கு என்ன செஞ்சோம்னு யோசிச்சியா?"

"பயமா இருந்துச்சுண்ணி."

"எனக்கு மட்டும் தைரியமா இருந்துச்சா?"

உள்ளறையிலிருந்து பாப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதக் கொடுத்தா என்னைய வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க" என்றாள்.

"தூக்கலாம்."

"அண்ணன்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல. ஒங்க அண்ணனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. எனக்கும் ஒனக்கும்தான். ஆனா ஒண்ணு கேக்கறேன். இது முழுசா இருக்கா? மணி அடிச்சதுலேருந்து எழுதுன்னு நான்தான் சொன்னேன், தப்பு என்னோடது. ஷிஃப்ட் ஆரம்பிச்சதுலேருந்து எழுது. அந்தத் தகரம் ஒன் கைக்கு எப்படி வந்துச்சு? தானா நடந்தா வந்துச்சு?"

நாத்தனார் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, இந்தத் தடவை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேலே எழுதினாள்: "சூப்பர்வைசரின் வலது கை தகரத் துண்டை என் வலது கையில் வைத்தது." அதை எழுதி முடிக்க அவளுக்கு வெகு நேரம் ஆனது. மிச்சத்தையும் எழுதிவிட்டு, கேட்காமலே கீழே கையெழுத்துப் போட்டாள்.

"நாளைக்கு நானே வந்து படிக்கறேன்" என்றாள்.

"வா. ஆனா ஒன் மேல உள்ள கோபம் போகும்னு நெனச்சுக்காத."

"தெரியும்ணி."

திங்கட்கிழமை பஸ்ஸில் இருவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்து போனார்கள். விசாரணை அறையில் அதே மேஜை, அதே மூக்குக் கண்ணாடி, அதே மடிப்புக் கலையாத சட்டை. நாத்தனார் இவளோடு உள்ளே வந்ததைப் பார்த்ததும் சூப்பர்வைசரின் புருவம் மட்டும் லேசாக ஏறி இறங்கியது.

இவள் தன் பக்கத்தைப் படித்தாள். இடது, வலது ஒன்றையும் விடவில்லை. குரலும் உயரவில்லை. படித்து முடித்ததும், "அம்மா, நான் இடது கைக்காரி. தகரம் இருந்தது வலது பட்டன்ல. அவங்க அறிக்கைலயே இருக்கு. நான் செருகியிருந்தா இடதுல இருந்திருக்கும்" என்றாள். அதிகாரியம்மா அறிக்கையைப் புரட்டிப் பார்த்தார். பேனாவை அவள் முன்னால் மேஜையில் போட்டு எடுக்கச் சொன்னார். மூன்று விரல் வலது கை மடியிலேயே இருந்தது, இடது கை போய் எடுத்தது. "விபத்துக்கு முன்னாடியும் அண்ணிக்கு இடதுதான் மேடம் மொதல்ல போகும்" என்றாள் நாத்தனார்.

"மேடம், இவங்க ஏதோ கதை எழுதற வகுப்புக்குப் போறாங்க" என்றார் சூப்பர்வைசர், அதே வானிலைச் செய்திக் குரலில். "ஊருக்கே தெரியும். நூலகச் சுவத்துலகூட ஒட்டியிருக்காங்க. இது கற்பனை. கதை."

இவளுக்குச் சுர்ரென்று ஏறியது. மேஜையைத் தட்ட இடது கை எழுந்தேவிட்டது. பக்கத்திலிருந்து நாத்தனார் அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள். அப்புறம் எழுந்து நின்று, தன் பக்கத்தை விரித்து, திக்கித் திக்கி முதல் வரியிலிருந்து படித்தாள். போன் வந்த இடத்தில் வரி தவறி மறுபடி படித்தாள். ஆனாலும் படித்து முடித்தாள்.

அதிகாரியம்மா இரண்டு தாள்களையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார்.

"சரி, இவங்க சொல்றது கதைன்னே வெச்சுக்குவோம். நீங்க உங்க பக்கத்தச் சொல்லுங்க. என்ன நெனச்சீங்க, என்ன விதிமுறை, அதெல்லாம் வேண்டாம். அன்னிக்குக் காலைல ஷிஃப்ட் ஆரம்பிச்சப்போ உங்க கை என்ன செஞ்சுது? அது மட்டும்."

சூப்பர்வைசர் மேஜை மேல் நிதானமாகக் கோத்து வைத்திருந்த இரண்டு கைகளையும் பிரித்து, மெதுவாக மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்.

"எழுதிக் குடுத்தாலும் சரி" என்றாள் இவள். "பத்து நிமிஷம். பேனா நிக்கக் கூடாது."